ஐப்பசியில் இறுகும் கதவு, சித்திரையில் ஆடும் கதவு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசல் கதவு ஒவ்வொரு ஐப்பசியிலும் இறுகிக்கொள்ளும். தீபாவளிக்கு வருகிறவர்கள் தோளால் முட்டித்தான் உள்ளே வர வேண்டும். அப்பா யாராவது ஒரு தச்சரை அழைத்து வந்து, இடிக்கிற பக்கத்தை இழைப்புளியால் சீவச் சொல்வார். அன்றைக்குக் கதவு பிரமாதமாகச் சாத்தும். சித்திரை வெயிலில் பார்த்தால் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். தெருப்புழுதி முழுக்க அந்த வழியாகக் கூடத்துக்கு வரும். அடுத்த ஐப்பசியில் மறுபடி இறுகும், மறுபடி சீவுவோம். நாலைந்து வருடத்தில் தாழ்ப்பாள் நாதாங்கியை எட்டவே இல்லை.

கடைசியாக வந்த வயதான ஆசாரி இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை. கதவின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மரத்து மேல குத்தம் இல்ல தம்பி. மழை நேரத்துல சீவுனதுதான் குத்தம். தை பொறக்கட்டும், வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னபடி தை கடைசியில் வந்தார். சீவிச் சீவி ஒல்லியாகிப் போன ஓரத்தில் ஒரு தேக்குப் பட்டையை ஒட்டினார், கதவின் அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் வண்ணம் அடித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதவு மழையில் லேசாக இறுகும், கோடையில் லேசாகத் தளரும். ஆனால் யாரும் முட்ட வேண்டியதில்லை.

அவர் செய்ததன் காரணம் புரிந்தால் பழைய வீட்டு மரவேலையில் பாதி புரிந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ பேர் நல்ல தேக்குக் கதவைப் "பழசாகிவிட்டது" என்று கழற்றிப் போட்டுவிட்டு ஃபைபர் கதவு மாட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரத்துக்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது

ஒரு மரத்துண்டு என்பது நெடுக்கில் அடுக்கிக் கட்டிய மெல்லிய குழாய்களின் கட்டு. வெட்டிய புது மரத்தில் அந்தக் குழாய்களின் உள்ளேயும் தண்ணீர் இருக்கும், குழாய்களின் சுவருக்குள்ளேயும் தண்ணீர் ஊறியிருக்கும். மரம் காயும்போது முதலில் வெளியேறுவது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர். அதுவரை மரத்தின் அளவு மாறாது, எடை மட்டும் குறையும். முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரம் என்ற நிலைக்கு வந்த பிறகு, சுவருக்குள் ஊறிய ஈரம் போகத் தொடங்கும். சுவர் சுருங்கும், அதோடு மரமும் சுருங்கும்.

முக்கியமான விஷயம், இது ஒருமுறை நடந்து முடிகிற காரியம் இல்லை. நூறு வருடக் கதவானாலும் காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நீடித்தால் மரம் ஏறக்குறைய 12 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். காற்று 80 சதவீதமானால் மரம் 16 சதவீதம். காற்று 90 சதவீதத்தில் வாரக்கணக்கில் நின்றால் மரம் 20 சதவீதத்தை எட்டும். மழைத்துளி ஒன்றுகூடப் படாமல், வெறும் காற்றிலிருந்தே இவ்வளவும் ஏறுகிறது.

அடுத்த விஷயம், மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஊதுவதில்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவே கிடையாது. அசைவெல்லாம் அகலத்தில்தான். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதி அளவு. தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சை மரம் முழுக்க உலரும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், மற்றத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். மற்றப் பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்குக்கு இருக்கிற மதிப்புக்கு அதன் எண்ணெயும் அழகும் மட்டும் காரணமில்லை, இந்த அடக்கமும் ஒரு காரணம்.

கணக்காகப் பார்ப்போம். கோடையில் 12 சதவீத ஈரத்தில் இருந்த தேக்குப் பலகை, மழைக்காலத்தில் 16 சதவீதத்துக்குப் போகிறது. 30 சென்டிமீட்டர் அகலப் பலகை இரண்டேகால் மில்லிமீட்டர் அளவுக்கு ஊதும். பலகைகளை நெருக்கி ஒட்டிச் செய்த 90 சென்டிமீட்டர் அகலக் கதவு என்றால் ஏழு மில்லிமீட்டர். நிலைக்கும் கதவுக்கும் நடுவே நாம் விடுகிற இடைவெளியே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். கதவு ஏன் இறுகாது?

நம் முன்னோர்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பழைய கதவைக் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் கனமான சட்டங்கள், நடுவே பலகைகள். சட்டத்தின் உள்பக்கம் பள்ளம் வெட்டி, பலகையை அதில் பசை போடாமல், ஆணி அடிக்காமல் சும்மா செருகியிருப்பார்கள். பலகை மழையில் ஊதினால் பள்ளத்துக்குள் போகும், கோடையில் சுருங்கினால் கொஞ்சம் வெளியே வரும். சட்டத்தின் அகலம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் கதவின் மொத்த அகலம் அதிகம் மாறாது. சட்டத்தோடு சட்டம் சேரும் மூலையில் கழுந்தும் துளையுமாக இறுக்கி, மூங்கிலாலோ மரத்தாலோ ஒரு முளை அடித்திருப்பார்கள். பலகைக்கு விடுதலை, மூலைக்கு இறுக்கம்.

இந்தப் பள்ளத்தில் கோடையில் தெரியும் இடுக்கைப் பார்த்துவிட்டு, "ஓட்டையாக இருக்கிறது" என்று மக்கு வைத்து அடைப்பவர்கள் உண்டு. சிலர் பலகையைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். அடுத்த மழையில் ஊதப் பலகைக்கு இடமில்லை. அதற்கடுத்த கோடையில் சுருங்கவும் வழியில்லை. நடுவே நெடுக வெடிக்கும். பழைய கதவுகளில் நான் பார்த்த வெடிப்புகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

நம் கடற்கரையின் நாட்காட்டி

மரம் ஊதுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் எப்போது, எந்தப் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் வருட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் மழைச்சாரல் அடிப்பது வீட்டின் கிழக்கு, வடக்கு முகங்களில். அதே கிழக்கு முகத்துக்குத்தான் கடலின் உப்புக்காற்றும். பழுது பார்க்கப் போகிறவர் எந்த வீட்டிலும் முதலில் கிழக்கு, வடக்குப் பக்கத்து ஜன்னல்களின் கீழ்ச்சட்டத்தைப் பார்ப்பது நல்லது.

மேற்குப் பக்கம் வேறு கதை. அங்கே மழை குறைவு, வெயில் அதிகம். மரம் அழுகாது, வெடிக்கும், வளையும். வண்ணம் பொருக்குத் தட்டி உதிரும்.

மாசி முதல் ஆனி வரை நம் ஊரில் மழை குறைவு. மரவேலைக்கு ஏற்ற காலம் இதுதான். ஆசாரி தைக்குத் தள்ளிப்போட்டதன் காரணம் இப்போது விளங்கும். மழைக்காலத்தில் ஊதி நிற்கும் கதவைச் சீவினால், ஊதலைத்தான் சீவுகிறோம். ஊதல் வற்றியபின் அந்த இடத்தில் மரம் இருக்காது. அதோடு, சீவிய இடம் வண்ணமில்லாத வெறும் மரம். அடுத்த வருடம் முன்னைவிட வேகமாக உறிஞ்சும். எங்கள் கதவு சீவச் சீவ மறுபடி மறுபடி இறுகியது அதனால்தான்.

ஊதுவது வேறு, அழுகுவது வேறு

மரம் ஊதி இறங்குவது நோய் இல்லை, அதன் இயல்பு. அழுகல்தான் நோய். அழுகலைச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் மரத்தைத் தின்ன முடியாது என்பது பொதுவாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட எல்லை. மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்க் காற்று, மழைக்காலத்திலும் மரத்தை அந்த எல்லையின் பக்கம் வரைதான் கொண்டுபோகும். நிழலில் காற்றோட்டமாக இருக்கும் மரம் வெறும் காற்று ஈரத்தால் அழுகிவிடாது. எங்கே அழுகல் இருக்கிறதோ, அங்கே நேரடியாகத் தண்ணீர் வந்து தங்குகிறது என்று பொருள். ஓட்டுக் கூரையில் ஒழுகல், சுவரில் ஓதம், உடைந்த குழாய், தேங்கும் மழைநீர், ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

நான் ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்: மரத்தைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைத் தேடுங்கள். தண்ணீரை நிறுத்தாமல் புதுக்கட்டை வைத்தால் அதுவும் சில வருடத்தில் பழைய கட்டையின் கதியையே அடையும்.

அழுகலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு கூர்மையான ஆணியையோ ஸ்க்ரூடிரைவரையோ வைத்துக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். அழுகிய மரம் ரொட்டியில் குத்துவது போல உள்வாங்கும். வண்ணம் பளபளப்பாக இருந்தாலும் அடியில் மரம் இல்லாமல் போயிருக்கலாம். விரல் முட்டியால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும், உள்ளே கூடானது மொத்தென்று பேசும்.

கரையான் வேறு, உளு வேறு. கரையானுக்கு மண்ணும் ஈரமும் வேண்டும், மண்கோடு போட்டுக்கொண்டு தரையிலிருந்து ஏறி வரும். சுவரோரம் மண்கோடு தெரிந்தால் அதைத் தட்டிவிட்டுத் திருப்திப்படக் கூடாது, தரைக்குக் கீழே மருந்து வைக்க ஆள் அழைக்க வேண்டும். உளுப்பது என்பது சிறு வண்டின் புழு உள்ளிருந்து தின்பது. குண்டூசி முனை அளவு துளைகளும், கீழே மாவு போன்ற தூளும் அதன் அடையாளம். உளு பெரும்பாலும் மரத்தின் வெளிறை, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியைத்தான் தேடும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அவ்வளவாகத் தொடாது. பழைய வீடுகளின் கட்டை வைரம் பாய்ந்த பெருமரங்களிலிருந்து அறுத்தது. இன்றைக்குக் கிடைக்கும் தோட்டத்துத் தேக்கு இளமரம், வெளிறு அதிகம். அதே "தேக்கு" என்ற பெயர்தான், ஆனால் வயது வேறு.

நம் வீடுகளில் எங்கே கெடுகிறது

புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களில் நடந்தால் திண்ணைக்கு முன்னால் தெருவை நோக்கி இறங்கும் ஓட்டுத் தாழ்வாரத்தைப் பார்க்கலாம். வைசியாள் தெருவில் வரிசையாக அந்தத் தாழ்வாரங்களைச் சீர்செய்து மீட்டார்கள், அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இந்தத் தாழ்வாரத்தைத் தாங்குவது மரத்தூண்கள். தூணின் அடியில் ஒரு கருங்கல் பாதம் இருக்கும். பலரும் அது அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் தூணின் உயிர். மரத்தின் குழாய்கள் நெடுக்கில் ஓடுகின்றன என்றோமல்லவா, தூணின் அடிமுனை என்பது அத்தனை குழாய்களும் வாய் திறந்து நிற்கும் இடம். ஈரத்தில் நின்றால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். கருங்கல், மரத்தை அந்த ஈரத்துக்கு மேலே தூக்கி வைக்கிறது.

அப்புறம் என்ன நடக்கிறது? திண்ணைக்கு டைல்ஸ் போடுகிறார்கள். பழைய தளத்தை எடுக்காமல் அதன்மேல் சிமெண்ட் கலவை, அதன்மேல் டைல்ஸ். தளம் இரண்டு அங்குலம் உயர்கிறது, கல்பாதம் புதைகிறது, தூணின் அடி சிமெண்ட்டுக்குள் போகிறது. வாசல் நிலையின் கால்களுக்கும் இதே கதிதான். வெளியே தெருவும் சும்மா இருப்பதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இறங்கிப் போகிறோம். மழைநீர் வாசற்படியைத் தாண்டி நிலைக்காலில் வந்து நிற்கிறது. எத்தனையோ நல்ல வீடுகள் இப்படித்தான் அடியிலிருந்து கெடுகின்றன. இதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கு வேதனையான விஷயம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தினமும் வாசல் தெளிக்கிறோம், வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசுகிறோம். மார்கழியில் காற்றே ஈரமாக இருக்கும்போதும் விடியற்காலையில் தண்ணீர். அதை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கழுவியதும் நிலைக்காலின் அடியைத் துணியால் ஒற்றி எடுங்கள், வருடம் ஒருமுறை அந்த ஒரு அடி உயரத்துக்கு எண்ணெயோ வண்ணமோ கொடுங்கள். போதும்.

மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் கவலைப்பட வேண்டிய இடம் உத்திரக்கட்டைகளின் முனை. இந்தக் கூரையில் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்கோட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்குமேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போடுவார்கள். கட்டையின் நடுப்பகுதி அறைக்குள் காற்றில் இருக்கும், பத்திரம். சுவருக்குள் செருகிய முனைதான் கண்ணில் படாத இடம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும் குணமுள்ளது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, கட்டை முனைக்குப் போகும். கட்டை முனையில் கறுப்புத் திட்டு, கூரையில் புது வெடிப்பு, நடுவில் தொய்வு, இவற்றில் எது தெரிந்தாலும் தச்சரை மட்டும் நம்பாமல் கட்டடப் பொறியாளரை வரவழைத்து, முதலில் முட்டுக் கொடுங்கள். இதில் தள்ளிப்போடவே கூடாது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பரில் இடிந்து விழுந்ததும் ஒரு மழை நேரத்தில்தான்.

பிரெஞ்சு ஜன்னல்களின் சாய்வுப் பட்டைக் கதவுகளில் கெடுவது பட்டைகள் இல்லை, பட்டை முனைகள் சட்டத்துக்குள் நுழையும் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு சிறு கிண்ணம். வண்ணம் அடிக்கும்போது அந்த இடுக்கில் தூரிகை போகிறதா என்று நின்று பார்ப்பது வீட்டுக்காரர் வேலை.

பழுது பார்ப்பது எப்படி

நிலைக்காலின் அடி ஒரு அடி அழுகிவிட்டால் நிலையையே பெயர்க்கச் சொல்வார்கள். பெயர்த்தால் சுற்றிலும் சுவர் உடையும், புது நிலைக்குப் பெருஞ்செலவு, அதோடு பழைய வைரக்கட்டை கைவிட்டுப் போகும். பெரும்பாலும் தேவையே இல்லை. அழுகிய பகுதியை, நல்ல மரம் தெரியும் இடத்துக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று அங்குலம் சேர்த்து வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுக்கட்டை ஒட்டலாம். வெட்டு நேராக இல்லாமல் நீண்ட சாய்வாக இருக்க வேண்டும். சாய்ந்த பரப்பில் பசை பிடிக்க இடம் அதிகம். சாய்வு வெளிப்பக்கம் நோக்கி இறங்க வேண்டும், அப்போதுதான் இணைப்பில் தண்ணீர் தங்காமல் வழிந்து போகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேலை தொடங்கும் முன்பே தச்சரிடம் பேசிவிடுங்கள்.

ஒட்டுகிற கட்டைக்கு மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். மரம் ஒன்றாக இருக்க வேண்டும், நரம்போட்டம் (மரத்தின் இழை ஓடும் வாக்கு) ஒரே திசையில் இருக்க வேண்டும், ஈரம் ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 12 சதவீதத்தில் இருக்கும் பழைய நிலையில் 25 சதவீத ஈரமுள்ள புது மரத்தை ஒட்டினால், புது மரம் காய்ந்து சுருங்கும்போது இணைப்பைத் தானே பிரித்துவிடும். ஈரம் அளக்கும் சிறு மீட்டர் கடைகளில் கிடைக்கிறது, இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். அது இல்லையென்றால், வாங்கிய கட்டையை வேலை நடக்கப்போகிற வீட்டிலேயே இடைக்கட்டை வைத்து, காற்றுப் புகும்படி அடுக்கி, சில வாரம் விட்டுவிடுங்கள். வீட்டுக் காற்றுக்கு மரம் பழகட்டும்.

இதனால்தான் பழைய மரத்துக்கு நான் முதலிடம் கொடுப்பேன். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பர்மா தேக்கு என்று சொல்லி விற்பதில் சந்தேகம் கூடிவிட்டது. வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் பழைய உத்திரக்கட்டையை வாங்கி அறுத்தால் வைரமும் கிடைக்கும், மரம் நன்றாகக் காய்ந்தும் இருக்கும். அறுப்பதற்கு முன் பழைய ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். தேக்கு கட்டுப்படியாகாத இடத்தில் வேங்கையும் வேம்பும் நிலைக்கு நல்லவை. உள்வேலைக்குப் பலா அருமையான மரம். நமக்கோ பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மாமரம் விலை மலிவு, ஆனால் ஈரத்தில் நிற்காது. நிலைக்கு வேண்டாம்.

சின்னச் சின்னப் பள்ளங்களுக்கு இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸி சரியானது. முஷ்டி அளவுக் குழியை அதனால் நிரப்பாதீர்கள். மரம் அசையும், எபாக்ஸி அசையாது. ஓரத்தில் மயிரிழைக் கோடு விழும், கோட்டில் தண்ணீர் இறங்கும், உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளிப்பக்க இணைப்புகளுக்குச் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், தண்ணீர் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆணி, திருகு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கடலோரத்தில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரமே துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே மரத்தைப் பிளக்கும். ஈரமும் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை விடும். பழைய வீடுகளில் பித்தளைக் கீலும் பித்தளைத் திருகும் வைத்தது சும்மா இல்லை. இன்றைக்குப் பித்தளை அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகு போடலாம். கடலைப் பார்த்த வீடுகளுக்கு எஸ்.எஸ்ஸில் 316 ரகம் உப்பை அதிகம் தாங்கும். பித்தளைத் திருகு மென்மையானது, நேராக முறுக்கினால் தலை அறுந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு பித்தளைத் திருகில் கொஞ்சம் மெழுகு தடவி ஏற்றினால் வெண்ணெயாக இறங்கும்.

மேல்பூச்சு

கதவின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் மூன்று கோட் அடிப்பார்கள். அடி விளிம்பையும் தலை விளிம்பையும் யாரும் பார்ப்பதில்லை. கதவு மாட்டிய பிறகு வண்ணம் அடித்தால் அங்கே தூரிகையே போகாது. நெடுக்குச் சட்டத்தின் குழாய்கள் வாய் திறப்பது அந்த இரண்டு விளிம்பில்தான். அங்கே ஈரம் மற்றப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். உங்கள் கதவின் அடியில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெறும் மரம் தெரிந்தால், வரும் மாசியில் கதவைக் கீலிலிருந்து கழற்றி, காயவைத்து, அடிக்கும் தலைக்கும் இரண்டு கோட் கொடுங்கள். செலவு ரொம்பக் குறைவு, பலன் ரொம்ப அதிகம்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்கத் தடுத்துவிடாது, ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கும், அவ்வளவே. இருபது வருடமாகச் சுரண்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த எனாமல் எங்காவது வெடித்தால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர முடியாமல் தங்கிவிடும். வெடித்த இடங்களைச் சுரண்டி, மரம் காய்ந்த பிறகுதான் புதுக்கோட். மிகப் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் வறண்ட உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுகளுக்கும் கூரை மரங்களுக்கும் பூசுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கரையான் அண்டாது, தண்ணீர் ஒட்டாது. மரம் கறுத்துப்போகும் என்பதால் கண்ணில் படாத கைமரம், உத்திர முனை, நிலையின் சுவரோரப் பக்கம் இவற்றுக்குப் பொருத்தம். தோலில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உட்புற மரத்தில் உளு இருந்தால் வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பூசுவது பயன் தரும். மழை படும் இடத்தில் அது கரைந்து போய்விடும், அதனால் வெளியே உதவாது.

புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது

பழைய வீட்டு வாசல் எதுவும் சரியான சதுரமில்லை. சுவர் இறங்கியிருக்கும், நிலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் கடையில் கிடைக்கும் ரெடிமேட் கதவு பொருந்துவதில்லை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு ஓரத்திலும், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குறுக்களவு இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் கதவையும் அந்தக் கோணலுக்கு ஏற்பச் செய்ய வேண்டும். நல்ல தச்சர் அட்டையிலோ பிளைவுட்டிலோ வாசலின் அச்சை அப்படியே வெட்டி எடுத்துப்போவார்.

அளவெடுக்கும் மாதத்தையும் சொல்லிவையுங்கள். பங்குனியில் செய்கிற கதவு ஒல்லியான நிலையில் இருக்கிறது, மழைக்கு ஊத இடம் விட வேண்டும். கார்த்திகையில் செய்ய வேண்டிய கட்டாயம் வந்தால் நெருக்கமாகவே வைக்கலாம், எப்படியும் தளரும்.

அலமாரி, சமையலறை வேலைக்குப் பிளைவுட் என்றால் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், அது தண்ணீர் தாங்கும் ரகம். ஓதம் ஏறும் பழைய சுவரில் மரத்தூள் அழுத்திச் செய்த பலகையை வைக்கவே வைக்காதீர்கள். ஒருமுறை ஊதினால் அது திரும்பி வராது. எந்த அலமாரியையும் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, காலுக்கடியில் கல்லோ பிளாஸ்டிக் துண்டோ கொடுத்து நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டுக் கதவில் ஆசாரி ஒட்டிய பட்டை இன்னும் இருக்கிறது. பழைய மரம் கருந்தேன் நிறம், பட்டை அதைவிட ஒரு சாயல் வெளிர். கடந்த ஐப்பசியில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தபால் அட்டையை விட்டுப் பார்த்தேன், மேலிருந்து கீழ்வரை எங்கும் சிக்காமல் இறங்கியது.